வெளிநாட்டில் நிலம் வாங்கும்போது பத்திரமும் அளவையும் பார்ப்பது எப்படி

நிலம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்விகள் இரண்டுதான். இது யாருடையது? இது எங்கிருந்து எதுவரை? முதல் கேள்விக்குப் பதிவகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு சர்வேயர்தான் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பத்திரம் கச்சிதமாக இருக்கிறது, வக்கீல் சரி சொல்லிவிட்டார், பணமும் போய்விட்டது. அப்புறம் வேலி போடப் போகும்போதுதான் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்.

முதல் தடவையாக வேற்று நாட்டில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாகவே சொல்கிறேன். வரிசை மாறினால் செலவு கூடும். அட்வான்ஸ் கொடுப்பது எட்டாவது படியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். புரோக்கர்கள் அதை முதல் படியாக்கத்தான் பார்ப்பார்கள்.

1. உங்கள் பெயரில் வாங்க முடியுமா?

இடத்தைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்துக்குச் சொந்தக்காரராக முடியாது. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் அதன் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். மெக்சிகோவில் அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு, நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வைத்திருப்பதைத் தடுக்கிறது. அங்கே வீடு வாங்குகிறவர்கள் வங்கியை டிரஸ்டியாக வைத்து 'ஃபிதெய்கோமிசோ' என்ற ஏற்பாட்டில் வாங்குகிறார்கள். அது 50 ஆண்டுக்கானது, புதுப்பிக்கலாம். மலேசியாவில் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், மலாய் இனத்தவருக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தொடவே முடியாது.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள அடுக்குமாடி வீடு, வெளிநாட்டிலிருந்து முழுப் பணத்தையும் கொண்டுவந்து வாங்கினால், விதிவிலக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாப் பாஸ்போர்ட் எடுத்தவரும், இரட்டைக் குடியுரிமை பெறாவிட்டால், இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். வாரிசாக வருவது வேறு கதை. விலைக்கு வாங்குவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தற்காலிகத் தடைகளும் உண்டு. கனடாவில் வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கு 2023 ஜனவரி 1 அன்று வந்த தடை 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே குடியிருந்த வீடுகளை வெளிநாட்டவர் வாங்குவதற்கு, சில விலக்குகள் போக, 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை. இப்படிப்பட்ட விதிகள் நினைத்தபோது மாறும் என்பதால் அந்தந்த அரசின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

'உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிப் போடுவோம், நமக்குள் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒப்பந்தம் சட்டத்தை ஏய்ப்பதற்காகவே எழுதப்படுவது. நீதிமன்றத்தில் அதைக் காட்டினால் நீங்களே உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி. தாய்லாந்தில் பினாமியாக நிற்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

2. அந்த நாட்டில் பதிவுக்கு என்ன மதிப்பு?

எல்லா நாட்டிலும் பதிவு அலுவலகம் இருக்கிறது. ஆனால் அங்கே பெயர் ஏறியிருப்பதற்கு உள்ள மதிப்பு நாட்டுக்கு நாடு வேறு.

1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் பதிவேடுதான் உரிமை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அதற்குப் பொதுவாக அரசு பொறுப்பு. நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, கனடாவின் மேற்கு மாகாணங்கள் எல்லாம் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. இங்கே பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டிய அவசியம் குறைவு. இன்றைய பதிவு நகல் சுத்தமாக இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. கவுன்டி அலுவலகம் பத்திரத்தை வாங்கி வரிசைப்படுத்தி வைக்கும், அவ்வளவுதான். அதில் எழுதியிருப்பது உண்மை என்று அது உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் அங்கே, உரிமையில் குறை வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் டைட்டில் இன்ஷூரன்ஸ் என்ற தொழிலே வளர்ந்தது. பத்திர வகையையும் அங்கே பார்க்க வேண்டும். 'வாரன்டி டீட்' என்றால் விற்பவர் உரிமைக்குப் பொறுப்பேற்கிறார். 'குவிட்கிளெய்ம் டீட்' என்றால் 'எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உனக்கு விட்டுத்தருகிறேன்' என்று மட்டுமே பொருள். ஒன்றுமே இல்லாதவரும் அதில் கையெழுத்துப் போடலாம்.

இலங்கையில் பெரும்பாலான காணி இன்னும் 'உறுதி' எனப்படும் பத்திரம் வழியாகத்தான் கைமாறுகிறது. நொத்தாரிசு, அதாவது அங்குள்ள நோட்டரி, வழக்கமாக முப்பது வருடத்துக்குப் பின்னால் போய் யார் யாருக்கு எழுதினார்கள் என்று காணிப் பதிவகத்தில் தேடுவார். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'பிம் சவிய' என்ற உரிமைப் பதிவு வந்த பகுதிகளில் மட்டும் நிலைமை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பனையின்போது பதிவு கட்டாயம் என்பது நாடு முழுவதற்கும் 1990 டிசம்பர் 1இல்தான் வந்தது. அதற்கு முன்பிருந்தே கைமாறாத வீடு என்றால் பதிவேட்டில் இல்லாமலே போகலாம். அப்போது தாய்ப் பத்திரங்களைத் தேடித்தான் ஆக வேண்டும். ஜப்பானில் இன்னொரு நுணுக்கம்: பதிவேட்டை நம்பி வாங்கினேன் என்பது மட்டுமே உங்களைக் காப்பாற்றாது. பதிவில் பெயர் இருந்தவர் உண்மையான சொந்தக்காரர் இல்லை என்றால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் இழக்க நேரும்.

ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: 'இந்த நாட்டில் பதிவேடு தவறாக இருந்தால் நஷ்டம் யாருக்கு?' அவர் சொல்லும் பதிலை வைத்து, தேடல் எவ்வளவு ஆழமாகப் போக வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்றெல்லாம் முடிவாகும்.

3. உங்களுக்கென்று ஒரு வக்கீல்

விற்பவரோ புரோக்கரோ பில்டரோ காட்டும் வக்கீல் வேண்டாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கு அடுத்த வேலையும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும், அது போதும் சிக்கலுக்கு. மெக்சிகோ, ஸ்பெயின் போன்ற நாடுகளில் நோட்டரி என்பவர் அரசின் அதிகாரம் பெற்ற பெரிய சட்ட வல்லுநர், அவர் இல்லாமல் கிரயமே நடக்காது. ஆனால் அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். உங்கள் பக்கம் நின்று 'இந்த விலைக்கு இது வேண்டாம்' என்று சொல்வது அவர் வேலை இல்லை. அதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். வக்கீல் சங்கத்தின் இணையதளத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

4. பதிவு நகலை நீங்களே எடுங்கள்

விற்பவர் நீட்டும் நகல் எந்தத் தேதியில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? போன வருடம் சுத்தமாக இருந்த நிலத்தில் இந்த மாதம் அடமானம் ஏறியிருக்கலாம். பல நாடுகளில் நகலை இணையத்திலேயே எடுக்கலாம். இங்கிலாந்தில் 7 பவுண்டு. ஸ்பெயினில் 'நோட்டா சிம்ப்ளே' என்ற சுருக்க நகலுக்கு சுமார் 10 யூரோ. மலேசியாவில் நில அலுவலகத்தில் 'சரியான்' என்ற தேடல் போடலாம். லட்சக்கணக்கில் செலவு செய்யப் போகிறவர் இந்தக் காசைப் பார்க்கக் கூடாது.

நகல் வந்ததும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். விற்பவரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா? ஒருவர் பெயர்தானா, பலர் சேர்ந்த கூட்டுச் சொத்தா? மனைவி அல்லது கணவனின் சம்மதம் தேவையா? இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதில் ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாமல் போனால் வருடக்கணக்கில் இழுக்கும்.

அடுத்து வில்லங்கப் பகுதி. அடமானம், வரிப் பாக்கிக்கான பிடிப்பு, நீதிமன்றத் தடை, தனக்கும் இதில் உரிமை உண்டு என்று யாராவது போட்டுவைத்த 'கேவியட்' என்ற எச்சரிக்கைப் பதிவு, நீண்ட காலக் குத்தகை, 'நான் சாகும்வரை இந்த வீட்டில் இருப்பேன்' என்று தாய்க்கோ தந்தைக்கோ எழுதிக்கொடுத்த உரிமை, பக்கத்து நிலத்துக்காரர் நடந்துபோகும் வழி உரிமை, உங்கள் மனைக்கு நடுவே போகும் குழாய், மின்கம்பிக்கான உரிமை. இவற்றில் அடமானத்தை அடைத்துவிடலாம். வழி உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும், நீங்கள் வாங்கியதால் அது போய்விடாது.

உரிமைப் பத்திரம் மாதிரியே இருந்து உரிமை தராத தாள்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வரி ரசீதுதான் முதலிடம். தாய்லாந்தில் 'போர் போர் டோர் 5' என்பது வரி கட்டியதற்கான தாள். அதைக் காட்டி நிலம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே முழு உரிமைப் பத்திரம் 'சனோட்', அதன் தலைப்பில் சிவப்புக் கருடச் சின்னம் இருக்கும். பச்சைக் கருடன் போட்ட 'நோர் சோர் 3 கோர்' அதற்கு அடுத்தபடி. 'சோர் போர் கோர் 4-01' என்றால் நிலச் சீர்திருத்தத்தில் விவசாயிக்குக் கொடுத்த நிலம், அதை வெளியாருக்கு விற்கவே கூடாது. ஸ்பெயினில் 'கதாஸ்த்ரோ' வரிக்கான பதிவு, உரிமைக்கான பதிவு 'ரெஹிஸ்த்ரோ'. இரண்டிலும் பரப்பளவு வேறு வேறாக இருப்பது அங்கே சாதாரணம்.

மெக்சிகோவில் 'எஹிதோ' எனப்படும் சமூக நிலம் இன்னொரு பொறி. கிராமச் சபையின் அனுபவச் சான்றிதழை வைத்து விற்பார்கள், விலையும் பாதியாக இருக்கும். முறைப்படி தனியார் நிலமாக மாற்றிப் பதிவு செய்யாதவரை அதை வெளிநாட்டவர் வாங்க முடியாது. 2000 அக்டோபரில் எஞ்செனாடா அருகே புந்தா பாண்டாவில் நடந்தது இந்த வகைச் சிக்கல்தான். எஹிதோவுக்குச் சொந்தம் என்று எண்ணியிருந்த கடற்கரை நிலம் வேறு தனியாருக்குச் சொந்தம் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டிக் குடியிருந்த அமெரிக்கர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

5. அளவை: படத்தைப் படித்து, தரையில் நடந்து

இங்கேதான் நேரத்தையும் பணத்தையும் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன்.

முதலில் படம். அளவைப் படத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் மனை எண், சர்வேயர் பெயர், உரிம எண், அளந்த தேதி, அளவுகோல் எல்லாம் எழுதியிருக்கும். மனை எண் பதிவு நகலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் அளந்த படம் என்றால் அதற்குப் பிறகு சாலை அகலமாகியிருக்கலாம், மனையே இரண்டாகப் பிரிந்திருக்கலாம். வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் புள்ளிக்கோடு ஒன்று மனைக்குள் ஓடினால் என்னவென்று கேளுங்கள். பெரும்பாலும் அது வழி உரிமையாகவோ கட்டடம் கட்டக் கூடாத விளிம்பாகவோ இருக்கும்.

அளவு அலகு நாட்டுக்கு நாடு மாறும். தாய்லாந்தில் ஒரு ராய் 1,600 சதுர மீட்டர். இலங்கையில் 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஜப்பானில் ஒரு சுபோ ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். எல்லாவற்றையும் சதுர மீட்டருக்கு மாற்றி எழுதிக்கொண்டால் குழப்பம் இல்லை. புரோக்கர் சொன்ன பரப்பு, பத்திரத்தில் உள்ள பரப்பு, அளவைப் படத்தில் உள்ள பரப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். வித்தியாசம் இருந்தால் விலை எந்தப் பரப்புக்கு என்று அப்போதே பேசிவிடலாம். ஜப்பானில் இதற்கு இரண்டு வகை ஒப்பந்தமே உண்டு. பதிவில் உள்ள பரப்புக்கு விலை பேசுவது ஒன்று, அளந்து பார்த்து வரும் பரப்புக்கு விலை பேசுவது இன்னொன்று.

பதிவகத்தின் படத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பதால் அதுதான் எல்லை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் நிலப் பதிவகப் படத்தில் உள்ள கோடு பொதுவான எல்லையை மட்டும் காட்டுகிறது. துல்லியமான எல்லை வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் ஒப்புதலோடு அளந்து தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மலேசியாவில் 'ஹக்மிலிக் செமந்தாரா' என்ற பத்திரம் கிடைத்தால், அது இறுதி அளவைக்கு முன்பே கொடுத்தது. அதில் உள்ள பரப்பும் எல்லையும் தற்காலிகமானவை. அளந்து முடித்த பிறகு வரும் இறுதிப் பத்திரத்தில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

சரி, படம் முடிந்தது. இப்போது தரை. நீங்கள் பணம் கொடுக்கும், அந்த நாட்டில் உரிமம் பெற்ற சர்வேயரை வரவழையுங்கள். பழைய படத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்து கொடுப்பவர் நமக்கு உதவ மாட்டார். எல்லைக் கற்களைத் தேடிப் பிடித்து, காணாமல் போனதைத் திரும்ப நட்டு, என்ன கண்டேன் என்று கையெழுத்திட்டு எழுதித் தருபவர் வேண்டும். முடிந்தால் அன்றைக்கு நீங்களும் கூட இருங்கள்.

அந்த நடை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விற்பவர் கையை நீட்டி 'அந்த மரம் வரைக்கும் நம்ம இடம்தான்' என்பார். சர்வேயர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். முதல் மூலைக் கல்லைத் தேடுவார். புதர் மண்டியிருக்கும், கத்தியால் வெட்டி, இரும்பைத் தேடும் கருவியைத் தரையில் ஓட்டுவார். ஒரு சாண் ஆழத்தில் துருப்பிடித்த இரும்புக் கம்பி தலை காட்டும். அங்கிருந்து அடுத்த மூலைக்குப் படத்தில் 32.40 மீட்டர். கருவி காட்டும் இடத்தில் போய் நின்றால் வேலி இன்னும் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. வேலிக்கும் உண்மையான எல்லைக்கும் நடுவே பக்கத்து வீட்டுக்காரரின் மரத் துண்டுகள் அடுக்கியிருக்கின்றன. அங்கே ஒரு நிமிடம் நின்று கணக்குப் போடுங்கள். வேலி உங்கள் பக்கம் உள்வாங்கியிருக்கிறதா, அடுத்தவர் பக்கம் நீட்டியிருக்கிறதா? உள்வாங்கியிருந்தால் நீங்கள் காசு கொடுக்கும் நிலத்தை வேறொருவர் அனுபவிக்கிறார். பல ஆண்டு அப்படியே இருந்தால் அனுபவ பாத்தியதை கேட்கும் உரிமை பல நாட்டுச் சட்டங்களில் அவருக்குக் கிடைக்கும். நீட்டியிருந்தால், நாளைக்கு அவர் வந்து கேட்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். இரண்டிலும், விற்பவர் இருக்கும்போதே சரிசெய்ய வைப்பதுதான் மலிவு.

அப்படியே பக்கத்து நிலத்துக்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத செய்தி அவரிடம் இருக்கும். யார் வழக்குப் போட்டது, எந்தப் பக்கம் மழைத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணற்றில் எத்தனை வீட்டுக்குப் பங்கு என்பதெல்லாம்.

போனை எடுத்து வரைபடத்தில் பார்த்து 'நான் சரியாக எல்லையில்தான் நிற்கிறேன்' என்று சொல்வதில் பயனில்லை. திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் பிசகும். கட்டட நெரிசலில் இன்னும் மோசம். சர்வேயரின் கருவி சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். இன்னொன்று, பழைய படத்தின் ஆயத்தொலைவுகளை அப்படியே புதிய வரைபடத்தில் போட்டால் இடமே நகர்ந்துவிடும். ஆஸ்திரேலியக் கண்டம் வருடத்துக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகர்கிறது. அதனால் 1994ஆம் ஆண்டின் ஆயத்தொலைவு முறைக்கும் 2020ஆம் ஆண்டின் முறைக்கும் 1.8 மீட்டர் வித்தியாசம். எந்த முறையில் எழுதிய எண் என்று படத்திலேயே போட்டிருக்கும், சர்வேயரிடம் கேட்டால் சொல்வார்.

கட்டிய வீடு வாங்குகிறவர்கள் எல்லைக்குள் வீடு எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவின் கியூபெக்கில் இதற்கென்றே 'அமைவிடச் சான்றிதழ்' இருக்கிறது, ஆல்பர்ட்டாவில் 'ரியல் ப்ராப்பர்ட்டி ரிப்போர்ட்'. வீடு, கார் கொட்டகை, வேலி எல்லாம் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று சர்வேயர் வரைந்து தருவது. அமெரிக்காவில் டைட்டில் இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களும் பாலிசியின் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள். சரியான சர்வே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயங்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருப்பது வழக்கம். சர்வே எடுத்துக் கொடுத்து அந்த வரியை நீக்கச் சொல்லலாம்.

6. வழியும் கடலும்

மனை நன்றாக இருந்தும் அதற்குப் போகச் சட்டப்படி வழி இல்லாமல் இருக்கலாம். இன்றைக்கு எல்லாரும் நடக்கும் பாதை அடுத்தவரின் தயவில் இருப்பதாகவும் இருக்கலாம். அந்தப் பாதை அளவைப் படத்தில் பொதுச் சாலையாக இருக்கிறதா, இல்லையென்றால் பதிவு செய்த வழி உரிமையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் மனை குறைந்தது 2 மீட்டராவது, 4 மீட்டர் அகலச் சாலையைத் தொட வேண்டும் என்பது பொது விதி. தொடாத மனையில் பழைய வீடு நிற்கலாம், இடித்துவிட்டால் புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காது. அங்கே சில பழைய வீடுகள் நம்ப முடியாத மலிவு விலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலோரம் என்றால் தனிக் கவனம். கோஸ்டா ரிகாவில் 1977ஆம் ஆண்டின் 6043ஆம் சட்டப்படி, கடல் ஏற்ற எல்லையிலிருந்து 200 மீட்டர் கடற்கரை மண்டலம். முதல் 50 மீட்டர் பொது இடம், அடுத்த 150 மீட்டரில் நகராட்சி தரும் சலுகைக் குத்தகை மட்டுமே, சொந்தம் கிடையாது. ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டமும் கரையோரத்தைப் பொதுச் சொத்தாக்கியது. ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருந்த பலர் சொந்தக்காரர்களாக இருந்து அனுபவதாரர்களாக மாறினார்கள்.

7. கட்டடத்துக்கு அனுமதி உண்டா

நிலத்துக்கு உரிமை இருப்பதும் அதில் நிற்கும் வீடு சட்டப்படி நிற்பதும் வேறு. 2008 ஜனவரியில் ஸ்பெயினின் ஆல்மேரியா மாகாணத்தில், வேரா என்ற ஊரில் ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டை இடித்தார்கள். அவர்களிடம் ஊராட்சியின் கட்டட அனுமதி இருந்தது. அந்த அனுமதியே செல்லாது என்று மாநில அரசு ரத்து செய்துவிட்டது. ஆகவே அனுமதிக் கடிதத்தைப் பார்ப்பதோடு, அந்த இடம் என்ன மண்டலத்தில் வருகிறது, அங்கே வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் வக்கீல் எழுத்தில் சொல்ல வேண்டும். பின்னால் சேர்த்த மாடி, நீச்சல் குளம் போன்றவை அனுமதியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இன்னும் கட்டாத அடுக்குமாடி வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இருக்காது. துபாயில் அதை இடைக்காலப் பதிவேட்டில் ஏற்றி 'ஊகூத்' என்ற பதிவு தருவார்கள், பணம் அந்தத் திட்டத்துக்கென்று திறந்த எஸ்க்ரோ கணக்கில்தான், அதாவது பில்டர் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத பொறுப்புக் கணக்கில்தான், போக வேண்டும். பில்டரின் சாதாரணக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அனுப்பாதீர்கள்.

8. ஒப்பந்தமும் பணமும்

இப்போதுதான் அட்வான்ஸ். ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்: உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்பது ஒன்று, அளவையில் பரப்பு இவ்வளவுக்கு மேல் குறைந்தால் விலை குறையும் அல்லது ஒப்பந்தம் ரத்து என்பது இன்னொன்று. இரண்டாவதை விற்பவர் தரப்பு விட்டுவிடப் பார்க்கும். விடாதீர்கள். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால், முரண்பாடு வரும்போது எந்த மொழி செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் உங்களுக்குப் புரியாத மொழிதான் செல்லும்.

பணத்தை வக்கீலின் வாடிக்கையாளர் கணக்கிலோ எஸ்க்ரோவிலோ போடுங்கள். 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். வீடு வாங்குகிறவர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி அது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் அடுக்குமாடி வீட்டைப் பதிவு செய்ய அது கட்டாயம், நாளைக்கு விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகவும் கேட்பார்கள்.

9. நேரில் போக முடியாவிட்டால்

பவர் பத்திரம் கொடுக்கலாம். இந்த மனை எண், இந்த விலை, இந்தத் தேதி வரை என்று குறுக்கி எழுதுங்கள். 'என் சார்பில் எதையும் செய்யலாம்' என்ற பொதுப் பவர் வேண்டவே வேண்டாம். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்பாட்டில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே என்றால் நோட்டரி கையெழுத்துக்கு மேல் 'அப்போஸ்டில்' என்ற அரசுச் சான்று முத்திரை போதும். சேராத நாடென்றால் தூதரகச் சான்று வரை போக வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

10. பதிவான பிறகு

கையெழுத்துப் போட்ட நாளும் உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறும் நாளும் வேறு. பணம் கைமாறுவதற்கு முந்தைய நாளோ அன்று காலையோ மறுபடி ஒரு தேடல் போடச் சொல்லுங்கள். பதிவு முடிந்ததாகச் செய்தி வந்ததும் நான்காம் படியில் செய்த மாதிரியே நீங்களே ஒரு புதிய நகல் எடுத்து, பெயர், மனை எண், பரப்பு எல்லாவற்றையும் ஒத்துப்பாருங்கள். எழுத்துப்பிழையை முதல் வாரத்தில் திருத்துவது சுலபம். சர்வேயர் காட்டிய ஒவ்வொரு எல்லைக் கல்லையும், பின்னால் தெரியும் கட்டடமோ சாலையோ படத்தில் விழும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரி அலுவலகத்திலும் பதிவகத்திலும் உங்கள் முகவரியை உடனே மாற்றுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். இங்கிலாந்தில் பதிவகத்திடம் மூன்று முகவரி வரை கொடுக்கலாம், அதில் வெளிநாட்டு முகவரியும் மின்னஞ்சலும் இருக்கலாம். உங்கள் சொத்தில் யாராவது தேடல் போட்டாலோ விண்ணப்பம் போட்டாலோ மின்னஞ்சல் வரும் இலவச எச்சரிக்கைச் சேவையும் அங்கே உண்டு. காலி மனையில் பத்து வருடம் குடியிருந்த ஒருவர் அதைத் தன் பெயருக்குக் கேட்டு விண்ணப்பித்தால், பதிவகம் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். ஆட்சேபிக்க 65 வேலை நாள் தருவார்கள். நோட்டீஸ் நீங்கள் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டுக்குப் போனாலும் அந்த 65 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.